இசட் புள்ளியில் உழைப்பின் பங்கும் அதிர்ஷ்டத்தின் பங்கும்: உயர்தர மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் யாழ்ப்பாணத்தின் எந்தச் சந்தியிலும் இரண்டு வசனங்களைக் கேட்கலாம். மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவான பிள்ளையைப் பற்றி, "கெட்டிக்காரப் பிள்ளை, இராப்பகலாகப் படித்தது" என்பார்கள். தவறவிட்ட பிள்ளையின் வீட்டிலோ, "அதுக்கு இந்த வருஷம் கிரகம் சரியில்லை" என்று ஆறுதல் சொல்வார்கள். ஒரு வீட்டில் எல்லாம் உழைப்பு, அடுத்த வீட்டில் எல்லாம் அதிர்ஷ்டம். நான் பல ஆண்டுகளாக இணைந்த கணிதம் கற்பித்தவன். இரண்டு வீடுகளிலும் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். இரண்டு வசனங்களும் பாதி உண்மை என்பதே என் கணிப்பு. எந்தப் பாதி எங்கே பொருந்துகிறது என்பதை ஒரு மாணவர் பரீட்சைக்கு முன்னரே ஓரளவு அளந்துகொள்ள முடியும். அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைக் கையால் செய்து பாருங்கள்

2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. பெற்றோர் பலரும் இதை ஏதோ கணினிக்குள் நடக்கும் மாயம் போலவே நினைக்கிறார்கள். உண்மையில் இது சாதாரணதர மாணவரும் செய்யக்கூடிய கணக்கு. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, வரும் விடையை அப்பாடத்தின் நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்து, மூன்றின் சராசரியை எடுத்தால் கிடைப்பதே உங்கள் இசட் புள்ளி.

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு பார்ப்போம். இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 20, உங்கள் புள்ளி 76 என்றால் விடை 1.8. பௌதிகவியலில் சராசரி 45, நியம விலகல் 18, உங்கள் புள்ளி 81 என்றால் 2.0. இணைந்த கணிதத்தில் சராசரி 38, நியம விலகல் 22, உங்கள் புள்ளி 82 என்றால் அதுவும் 2.0. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.9333 வருகிறது. இப்போது இரசாயனவியலில் 76க்குப் பதிலாக 77 கிடைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இசட் புள்ளி 1.9500 ஆகிவிடுகிறது. ஒரேயொரு புள்ளிக்கு இசட் புள்ளியில் 0.0167 அசைவு. வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி, நான்கு தசமதானங்களில் எழுதப்படுகிறது என்பதையும், அந்த இடைவெளிக்குள் வேறு பிள்ளைகள் நிற்கக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இந்த வழிகாட்டி எதைப் பற்றியது என்பது விளங்கும்.

இந்தக் கணக்கு வேறு இரண்டு விடயங்களையும் கற்றுத்தருகிறது. "வினாத்தாள் கடினமாக வந்துவிட்டது" என்பது துரதிர்ஷ்டம் அன்று. அனைவருக்கும் கடினமாக வந்திருந்தால் சராசரியும் கீழே இறங்கிவிடும். உங்கள் நிலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே மண்டபத்தில் கடினமான வினாவைக் கண்டு கலங்குவதற்குக் காரணமே இல்லை. இரண்டாவது, 75இலிருந்து 100 வரை எல்லாம் ஏ சித்திதான். 76 எடுத்தவரும் 96 எடுத்தவரும் பெறுபேற்றுத் தாளில் ஒரே எழுத்தையே காண்பார்கள். மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் கிடைக்கவில்லை என்று ஒரு வீடு அழுவதில் மர்மம் ஏதுமில்லை.

இடங்கள் எவ்வாறு பகிரப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 5,83,882. இது நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 2.9 வீதம். அந்த விகிதத்தை வைத்துக் கணித்தால், நாடு முழுவதும் 1000 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியில் மாவட்டப் பங்கீட்டின் கீழ் எமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 இடங்களே. எனவே மாவட்ட நிலையில் மட்டும் கண்வைத்துப் படிக்கும் மாணவர் மிகக் குறுகிய வாசலின் முன் நிற்கிறார். அகில இலங்கை நிலையில் மேலே ஏறக்கூடியவர் 40 வீத வாசலால் உள்ளே போகிறார். அதனால் தம் பின்னால் நிற்கும் மாவட்டத் தோழர் ஒருவருக்கும் வழி விடுகிறார். ரியூசன் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருப்பவரைப் போட்டியாளராக மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இந்த மண்ணில் 'தகுதி' என்ற சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்க முடியாது என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, 400 புள்ளிகளில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அதே ஆண்டில்தான் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகமும் திறக்கப்பட்டது. அந்தத் தலைமுறையினர் எழுதிய விடைகள் மாறவில்லை; அவற்றை அளந்த அளவுகோல்தான் மாறியது. எந்த மொழியில், எந்த ஆண்டில், எந்த மாவட்டத்தில் பிறந்தோம் என்பது எவருடைய உழைப்பும் அன்று. அளவுகோல் மாறுவது அந்தக் காலத்தோடு முடிந்த கதையுமில்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்து, இரு பிரிவினருக்கும் வெவ்வேறாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. விடைத்தாள்கள் அதே விடைத்தாள்கள்தான். பிள்ளைகளின் இசட் புள்ளிகள் மட்டும் மாறின.

மாவட்டத்துக்குள்ளேயும் இந்தப் பிறப்பின் அதிர்ஷ்டம் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் நகரத்துக்கு வர வேண்டிய பிள்ளையும், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் மூன்று ரியூசன் வகுப்புகளுக்குச் சைக்கிளில் போகக்கூடிய பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். இருவரும் 1.8 எடுத்திருந்தால், இசட் புள்ளி இருவரையும் சமம் என்கிறது. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை அளக்கும் கருவி இன்று நம்மிடம் இல்லை. தெரிந்தவர்கள் தம் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் தீவகப் பிள்ளைகளோடு பகிர்வதே உடனே செய்யக்கூடியது.

உங்கள் வீச்சை அளந்துகொள்ளுங்கள்

கடந்தகால வினாத்தாள்களில் முன்பு தொடாத ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை நேரத்திலேயே, காலையில், மேசையில் மணிக்கூட்டை வைத்து, தொலைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டு எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிட்ட புள்ளித் திட்டத்தைக் கொண்டு, உங்களைத் தெரியாத ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். நீங்களே திருத்தினால் கை தாராளமாகிவிடும். உங்களைப் பிடித்த ஆசிரியர் திருத்தினாலும் அதுதான் நடக்கும்.

ஒரு மாணவி இரசாயனவியலில் 68, 74, 71, 79, 70, 76 எடுத்தார் என்று கொள்வோம். சராசரி 73. மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 11 புள்ளிகள்; இதுவே அவருடைய வீச்சு. அவர் அறிவு ஆறு நாட்களிலும் ஒன்றுதான்; எந்த அலகிலிருந்து வினா வந்தது, எந்த இடத்தில் கை தவறியது, முதல் நாள் இரவு எப்படித் தூங்கினார் என்பவையே வேறு. அந்த 73ஐ உயர்த்துவது உழைப்பின் வேலை. அதைச் சுற்றியுள்ள 11 புள்ளிகள் அதிர்ஷ்டம் விளையாடும் முற்றம். மேலே சொன்ன நியம விலகல் 20ஐ வைத்துப் பார்த்தால், இந்த ஒரு பாடத்தின் வீச்சு மாத்திரமே இசட் புள்ளியில் 0.18 அளவுக்கு வருகிறது.

இனி உங்கள் இலக்குக் கற்கைநெறியின் கடந்த சில ஆண்டு வெட்டுப்புள்ளிகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். உங்கள் மிகக் குறைந்த நாள்கூட வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால், அதிர்ஷ்டத்தைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். உங்கள் மிகச் சிறந்த நாளும் அதற்குக் கீழே இருந்தால், நேர்த்தி வைப்பதற்கு முன் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். வெட்டுப்புள்ளி உங்கள் வீச்சுக்குள் விழுந்தால்தான் அதிர்ஷ்டம் தீர்ப்பளிக்கிறது. பெரும்பாலான நல்ல மாணவர்கள் இந்த மூன்றாவது இடத்திலேயே நிற்கிறார்கள் என்பது என் அனுபவம். கடைசி இடத்தைப் பெற்றவருக்கும் அதற்கு அடுத்தவருக்கும் இடையே கல்வித் தகுதியில் வேறுபாடு எதையும் என்னால் ஒருபோதும் காண முடிந்ததில்லை.

வீச்சைச் சுருக்கும் வழிகள்

பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் பாடங்களின் முதலாம் வினாத்தாளில் ஐந்து விடைகளுடன் 50 பல்தேர்வு வினாக்கள் உள்ளன. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. அதே வேளையில், ஊகம் எவ்வளவு தூரம் ஆட்டிப்படைக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அடியோடு தெரியாத பத்து வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை இடுபவர் சராசரியாக இரண்டைச் சரியாகப் பெறுவார். ஆனால் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு ஒன்றுகூடச் சரிவராது. எட்டுப் பேரில் ஒருவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல் சரிவந்துவிடும். அறிவு சமமாக உள்ள இருவருக்கிடையே நான்கு வினாக்களின் இடைவெளி இவ்வாறு வந்துவிடலாம். தெரியாத வினாக்களைப் பத்திலிருந்து மூன்றாகக் குறைப்பவர் தம் சராசரியையும் உயர்த்துகிறார், அதிர்ஷ்டத்தின் கையையும் கட்டிவிடுகிறார். ஐந்து விடைகளில் இரண்டையாவது நீக்கிவிட்டு ஊகிக்கப் பழகுவதும் சராசரியை உயர்த்தும்; ஆனால் அதிர்ஷ்டத்தின் கையைக் கட்டாது.

"இந்த அலகு வராது" என்று விட்டுவிடுவது எம்மிடையே பெருகியிருக்கும் ஒரு தீய பழக்கம். அதற்கு வகுப்புகளில் விற்கப்படும் எதிர்பார்ப்பு வினாக்களும் துணைபோகின்றன. எதிர்பார்ப்பு பலித்தால் அதை ஆசிரியரின் திறமை என்றும் பலிக்காவிட்டால் பிள்ளையின் விதி என்றும் சொல்வது நியாயமன்று. இணைந்த கணிதத்தில் 'ஆ' பகுதியின் ஏழு வினாக்களில் ஐந்தைத் தெரிவு செய்யலாம். இரண்டு அலகுகளை விட்டவருக்கு அந்தத் தெரிவே இல்லாமல் போய்விடுகிறது. முன்னர் ஆகஸ்ட் மாதத்தில் பரீட்சை நடந்தபோது நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில் வரும். பிள்ளைகள் காலையில் கோவிலுக்குப் போய்விட்டு மண்டபத்துக்கு வருவார்கள். மனத்துக்கு அமைதி தரும் அந்த வழக்கத்தை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. முழுப் பாடத்திட்டத்தையும் முடித்துவிட்டுக் கும்பிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை எழுதும் முறை

எவ்வளவு படித்தும் இந்த ஒரு படிவத்தில் தவறு செய்து இடத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வெட்டுப்புள்ளி முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் வாசற்படி அன்று. அந்த ஆண்டில் அந்தக் கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளியே வெட்டுப்புள்ளி. மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்பதைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். கடந்த ஆண்டு 1.85 என்பதற்காக, 1.83 எடுத்த பிள்ளை அக்கற்கைநெறியை வரிசையிலிருந்து நீக்குவது பெரும் தவறு.

தெரிவு இசட் புள்ளியின் வரிசையில் நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைநழுவாது. உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதை முதலில் எழுதுங்கள், பின்னர் அடுத்தது. அயலவர் என்ன சொல்வார் என்பதற்காக வரிசையை மாற்றாதீர்கள். கிடைத்தால் போகவே மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்ததை எழுதவும் வேண்டாம். கற்கைநெறியை மட்டுமன்றிப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே தெரிவு செய்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் உள்ளது என்பதைப் படிவத்தை நிரப்பும் நாளில்தான் அறிந்த பெற்றோரும் உண்டு. நுண்கலைத் துறைகள் சிலவற்றுக்கும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைக்கும் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காவிட்டால் இசட் புள்ளி காப்பாற்றாது. ஆணைக்குழுவின் கையேடு ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. அண்ணாவின் பழைய கையேட்டை வைத்து நிரப்ப வேண்டாம்.

மீண்டும் தோற்றுவதா?

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம். முன்னர் அளந்த வீச்சு இங்கே மிகவும் உதவும். உங்கள் ஆறு வினாத்தாள்களின் சராசரிக்குப் பெரிதும் கீழே உண்மைப் பெறுபேறு வந்திருந்தால், அந்த நாள் உங்களுக்கு வாய்க்கவில்லை என்று நியாயமாகச் சொல்லலாம். மறுமுறை உயர்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வீச்சின் மேல் முனையிலேயே பெறுபேறு வந்தும் தவறியிருந்தால், அதே குறிப்புகளோடு அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காருவது பயன் தராது. எதை மாற்றப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் வைத்துவிட்டு முடிவெடுங்கள். கிடைத்த கற்கைநெறிக்குப் பதிவு செய்தால் அடுத்த ஆண்டுத் தெரிவுக்கு என்ன விளைவு என்பதைக் கையேட்டில் படிக்காமல் பதிவு செய்யவும் வேண்டாம், இடத்தைக் கைவிடவும் வேண்டாம். கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையம் ஆகியவற்றின் விண்ணப்பக் காலங்களையும் அதே நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்

ஹார்வர்ட் போன்ற இடங்களில் விண்ணப்பிப்போரில் ஏறத்தாழ 4 வீதமானவர்களே அண்மைக் காலத்தில் அனுமதி பெறுகிறார்கள். அங்கே வெட்டுப்புள்ளி இல்லை. கட்டுரை, ஆசிரியர் கடிதம், பாடசாலைக்கு வெளியே செய்தவை எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன, நிராகரித்தால் காரணமும் சொல்லப்படுவதில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் மிக உயர்ந்த பல்கலைக்கழகங்களில், ஒரே பரீட்சைப் புள்ளி பெற்றவர்களிடையே, அதிசெல்வந்தர்களான 1 வீதக் குடும்பங்களின் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேலான வாய்ப்பைப் பெற்றதாகக் காட்டியது. நெதர்லாந்து வேறொரு வழியை முயன்றது: 1972 முதல் மருத்துவ இடங்களுக்கு, கூடிய புள்ளி பெற்றவருக்குக் கூடிய வாய்ப்புள்ள சீட்டுக் குலுக்கலை நடத்தி, 2017இல் அதை நிறுத்தி, பின்னர் பல்கலைக்கழகங்கள் விரும்பினால் மீண்டும் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது. எம் ஊரில் சீட்டுக் குலுக்கல் என்றால் கலவரமே வரும். ஆயினும் வெட்டுப்புள்ளியின் ஓரத்தில் நடப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட முறை அது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

விண்ணப்பிக்க விரும்புவோர் ஒன்றிரண்டு பெயர்களோடு நிற்காமல், தமக்கு எட்டக்கூடிய பல இடங்களையும் சேர்த்துப் பட்டியலிட வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி ஆகியவை வெளிநாட்டு மாணவரின் குடும்ப வசதியைப் பாராமல் தெரிவு செய்து, தெரிவானவரின் தேவைக்கேற்பப் பண உதவி வழங்குகின்றன; ஆகவே பணமில்லை என்பதற்காக அவற்றை நீக்க வேண்டாம். அனுமதியை உறுதிசெய்து தருவதாகப் பணம் கேட்கும் முகவர் எவராயினும் விலகி வாருங்கள். அந்த உறுதியை எவராலும் தர முடியாது.

பெறுபேறு வரும் நாளில்

பெறுபேற்றை முதலில் பிள்ளை தனியாகப் பார்க்கட்டும். மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை, இசட் புள்ளி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அருகில் பரீட்சைக்கு முன் அளந்த வீச்சையும் எழுதுங்கள். எதிர்பார்ப்புக்கு மிகவும் மாறாக ஒரு பாடம் வந்திருந்தால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கான இறுதித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் தொலைபேசியில் கேட்டால், அன்று மாத்திரமாவது, "பிறகு சொல்கிறோம்" என்று பெற்றோரே பதில் சொல்லட்டும். அடுத்த நாள் காலையில், விருப்ப வரிசைக்கான வெற்றுத் தாளையும் புதிய கையேட்டையும் மேசையில் வைத்து, பிள்ளையோடு உட்காருங்கள். பேனை பிள்ளையின் கையில் இருக்கட்டும்.